கொப்பளிக்கச் சொல்லத் தெரிய வேண்டும்: பல் மருத்துவ மாணவர்களுக்கு சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைத் தோட்டப்புற முகாம்களுக்கு அனுப்பிவைக்கும் விரிவுரையாளர்களுக்கும் வணக்கம்.

நான் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டருக்குப் பக்கத்தில் 38 ஆண்டுகள் நின்றவள். 1985-இல் மலேசிய அரசாங்கப் பல் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்து 2023-இல் ஓய்வு பெற்றேன். அப்பா, அம்மா இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். நான் பிறந்த லைன் வீடு இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. நான் டவுனுக்கு வந்துவிட்டேன். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பல் பார்க்க வருகிறவர்கள் நீங்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் பக்கத்துத் தோட்டக் கோயில் மண்டபத்தில் ஓர் இலவசப் பல் முகாம் நடந்தது. எந்தக் கல்லூரி என்று எழுதப் போவதில்லை. வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். காலை ஐந்து மணிக்கே பஸ் ஏறி வந்தவர்கள். பசியாறக்கூட நேரம் இல்லாமல் வேலையில் இறங்கிவிட்டார்கள். பாட்டிமார்களும் அப்படித்தான். தலைக்குக் குளித்து, துவைத்த சேலை கட்டி, ஏழரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வாரம் ஊரில் காய்ச்சலும் இருமலும் பரவியிருந்தது. கோவிட்டா, ஃபுளூவா என்று குச்சி விட்டுப் பார்க்கும் பழக்கமெல்லாம் நம் மக்களிடம் இப்போது விட்டுப்போய்விட்டது.

மண்டபத்தில் ஆறு மடக்கு நாற்காலிகள். அவற்றில் மூன்றில் ஸ்கேலிங், அதாவது தண்ணீர் பீய்ச்சும் கருவியால் பல் காறையை எடுக்கும் வேலை, நடந்தது. வெயில் ஏற ஏற மண்டபம் புழுங்கியது. யாரோ நல்ல மனதோடு கோயில் ஸ்டோரிலிருந்து இரண்டு பெரிய காற்றாடிகளைத் தூக்கிவந்து, மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் வைத்து மூன்றாம் நம்பரில் விட்டார்கள். மாணவர்களுக்கு வேர்வை அடங்கியது. ஆனால் ஸ்கேலர் முனையிலிருந்து எழுந்த நீர்ப்புகை அந்தக் காற்றோடு சேர்ந்து நேராக எதிர்வரிசைக்குப் போனது. அங்கேதான் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாட்டிமார்களும் தாத்தாமார்களும் முறைக்குக் காத்திருந்தார்கள். யார் முகத்திலும் முகக்கவரி இல்லை. எந்தப் பல் ஆடுகிறது என்று பக்கத்து ஆளிடம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போய் இரண்டு காற்றாடிகளையும் சன்னல் பக்கமாகத் திருப்பினேன். அங்கிருந்த மாணவி ஒருத்தி, தப்பாக எடுத்துக்கொள்ளாமல், "ஆன்ட்டி, கோவிட் விழிப்புணர்வு பற்றி எங்கள் சீனியர்கள் ஒரு சர்வே செய்தார்கள். எங்கள் வகுப்பில் எல்லாருமே நல்ல மார்க்" என்றாள். நம்பினேன். இன்றும் நம்புகிறேன். கூகுள் படிவத்தில் வரும் கேள்விகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கை எத்தனை விநாடி கழுவ வேண்டும், எந்த முகக்கவரி எதற்கு, கிருமி எந்த வழியில் பரவும், கையுறையை எப்போது மாற்ற வேண்டும். எல்லாம் உங்களுக்குத் தெரியும். காற்றாடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் அந்தப் படிவத்தில் இருந்திருக்காது. கல்லூரி கிளினிக்கில் காற்றாடி கிடையாது, ஏர்கோன்தான். எங்கள் மண்டபத்தில்தான் காற்றாடி.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், பிள்ளைகளே. நீங்கள் படித்த பாதுகாப்பு எங்கள் இடத்துக்கும் எங்கள் மொழிக்கும் எங்கள் கூலிக் கணக்குக்கும் பழகியாக வேண்டும். அதுவரை அது தாளில் இருக்கும் மார்க்குதான்.

வேலையில் இருந்தபோது, புதிதாக வரும் டாக்டர்களுக்கும் பயிற்சிக்கு வரும் உதவியாளர்களுக்கும் ஒரு காரியம் செய்து காட்டுவேன். ஸ்கேலருக்குப் போகும் தண்ணீர் போத்தலில் பலகாரத்துக்குப் போடும் சிவப்புச் சாயத்தைக் கலந்துவிடுவேன். நாற்காலியில் ஆளுக்குப் பதில் பொம்மைப் பல். சுற்றிலும் வெள்ளைத் தாள். டாக்டருக்கும் உதவியாளருக்கும் வெள்ளை அங்கி. ஐந்தே நிமிடம். அப்புறம் விளக்கைப் போட்டுப் பார்த்தால் எல்லாருக்கும் பேச்சு வராது. முகத் தடுப்பில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. அது எதிர்பார்த்ததுதான். மணிக்கட்டுக்கு மேலே கைமடிப்பில் சிவப்பு. நோயாளியின் மார்பு விரிப்பு முழுக்கச் சிவப்பு. உதவியாளரின் காலரில், காதுக்குக் கீழே சிவப்பு. விளக்கைத் திருப்பும் கைப்பிடியில் ஒரு வரிசைச் சிவப்பு. அந்தக் கைப்பிடியைத்தான் அடுத்த நோயாளிக்கும் அதே கையால் பிடிப்போம். ஸ்கேலர் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்கிறது, பல் குடையும் ஹேண்ட்பீஸ் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்று சுற்றுகிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த எண்கள் எங்கே போய் விழுகின்றன என்று காட்டுவது அந்தச் சிவப்புச் சாயம். அதிலும் கண்ணுக்குத் தெரிவது விழுந்த துளி மட்டும்தான். விழாமல் காற்றில் மிதப்பதைச் சாயத்தாலும் காட்ட முடியாது.

உங்கள் கல்லூரியில் இதை ஒரு தடவை செய்து பாருங்கள். பத்து வெள்ளிகூடச் செலவாகாது.

கிருமி வரும் வழி தெரியாமல் செய்யும் பாதுகாப்பு எப்படி இருக்கும் என்று எங்கள் பேராக் மாநிலத்துக்குத் தெரியும். 1998 செப்டம்பரில் இங்கிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஈப்போ பக்கத்தில், பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுவால் வருவது என்றார்கள். ஊர் ஊராகக் கொசுப்புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். எல்லாரும் மனமாரத்தான் செய்தார்கள். ஆனாலும் சாவு நிற்கவில்லை. நோய் நெகிரி செம்பிலானுக்கும் போனது. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் அந்தப் புதிய வைரஸைக் கண்டுபிடித்தார். கொசுவுக்குச் சம்பந்தமே இல்லை. நோய் கண்ட பன்றியோடு பழகியவர்களுக்குத்தான் அது வந்தது. சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயர். நம் நாட்டில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பண்ணையில் கூலிக்குப் போன நம்மவர்களும் அதில் உண்டு. அந்த மாதங்களில் எங்கள் தெருவில் மாலைக்கு மாலை கொசுப்புகை வாசம் அடித்தது இன்னும் என் மூக்கில் இருக்கிறது. புகை வந்ததும் சனங்களுக்கு ஒரு நிம்மதி வரும். காப்பாற்றுகிறார்கள் என்று நினைப்போம்.

மண்டபத்தில் அன்று பார்த்தபோது எனக்கு அந்தப் புகைதான் நினைவுக்கு வந்தது. எல்லார் கையிலும் கையுறை. எல்லார் கழுத்திலும் முகக்கவரி. ஆனால் கையுறை போட்ட கை போனை எடுத்து அறிக்கைக்குப் படம் பிடித்தது. அதே கை திரும்பவும் வாய்க்குள் போனது. முகக்கவரி மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தது. பார்க்கிறவர்களுக்குப் பாதுகாப்பாகத்தான் தெரியும்.

கையுறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டர்கள் வெறுங்கையால்தான் பல் பிடுங்குவார்கள். பிடுங்கிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். நகத்தோரம் இரத்தக் கறை நிற்கும். அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. 1986-இல் நம் நாட்டில் முதல் எய்ட்ஸ் நோயாளி கண்டறியப்பட்டார். அந்தப் பயத்தில்தான் கையுறை பல் கிளினிக்குக்குள் நிரந்தரமாக வந்தது. முதலில் டாக்டர்களே முணுமுணுத்தார்கள், விரலில் உணர்வு தெரியவில்லை என்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் பழகிவிட்டது. இன்று கையுறை இல்லாமல் ஒரு டாக்டர் வாய்க்குள் கை வைத்தால் நோயாளியே எழுந்து போய்விடுவார். கோவிட்டும் அப்படிச் சிலவற்றைக் கொண்டுவந்தது: வாசலில் கேட்கும் கேள்வி, சிகிச்சைக்கு முன் கொப்பளிப்பு, என்95, அறையில் காற்றோட்டம். இவை கையுறை போல நிலைத்து நிற்கும் என்றுதான் நினைத்தேன். 2023 மே 5-ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்த பிறகு, ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதைப் பார்க்கிறேன். அடுத்த தொற்று வரும்போது அரசாங்கம் அறிவிப்புச் செய்துவிட்டுத்தான் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. முதல் சில வாரங்களில் அது யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு பல் நாற்காலியில் வந்து உட்காரும்.

சரி, கொப்பளிப்புக்கு வருகிறேன். அன்று நடந்ததில் என் மனதைவிட்டுப் போகாதது அதுதான்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பி ஒருவர், நம் தமிழ்ப் பையன்தான், அயோடின் கலந்த மருந்தைச் சின்னக் கப்பில் ஊற்றிக் கொடுத்து, "ரின்ஸ் பண்ணுங்க பாட்டி" என்றார். பாட்டி அவர் முகத்தையே பார்த்தார். புரியவில்லை என்று தெரிந்ததும் தம்பி மலாயில் "குமுர், குமுர்" என்றார். பாட்டி தலையை ஆட்டிவிட்டு, கப்பை அண்ணாந்து மடக்கென்று குடித்துவிட்டார். குடித்துவிட்டுக் கசப்பில் முகத்தைச் சுளித்து, "மருந்து நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றும் சொன்னார். கொஞ்சம்தான் உள்ளே போனது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாட்டிக்குத் தைராய்டு உண்டு. வருடக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறார். அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "தைராய்டு" என்றால் அவருக்குத் தெரியாது. "கழுத்துக் கட்டிக்கு மருந்து சாப்பிடுறீங்களா" என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்.

அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐந்து வருடப் படிப்பும் ஆங்கிலத்தில். வீட்டில் தமிழ் பேசினாலும் "கொப்பளி" என்ற சொல் வாயில் வர ஒரு சந்தர்ப்பம் அமைய வேண்டுமே. அதனால் எழுதித் தருகிறேன். "பாட்டி, இதை வாயில் ஊற்றி ஒரு நிமிடம் நல்லாக் கொப்பளிங்க. முழுங்காதீங்க. இந்தக் கப்பில் துப்புங்க." இதைச் சொல்லும்போதே நீங்களும் கன்னத்தை உப்பிக் காட்டுங்கள். அப்புறம், "மூக்கால மூச்சு விடுங்க. இருமல் வந்தா இடது கையைத் தூக்குங்க, நான் நிறுத்திடுவேன்." இந்தக் கடைசி வரி முக்கியம். இருமல் வந்தும் அடக்கிக்கொண்டு, முடியாமல் உங்கள் முகத்திலேயே இருமுகிற பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதையில் அடக்குகிறார்கள். கையைத் தூக்கலாம் என்று நீங்கள் அனுமதி கொடுத்தால்தான் தூக்குவார்கள்.

வெற்றிலை போடும் பாட்டிமார்களிடம் பேச்சு இன்னும் கொஞ்சம் நீள வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால் நம் தோட்டத்து மக்களிடம் வாய்ப் புற்றுநோய் அதிகம் என்று உங்களுக்கு முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதனால் கன்னத்தின் உட்புறத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். நிதானமாகப் பார்ப்பது என்றால் அவர் மூச்சுக்குப் பக்கத்தில் நெடுநேரம் இருப்பது. தொற்று நேரத்தில் அவசரமாகப் பார்த்துவிட்டு அனுப்பத்தான் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் முகக்கவரி ஒழுங்காக இருந்தால் அந்த நிதானம் உங்களுக்கே வரும்.

காய்ச்சல் இருக்கிறதா என்ற கேள்வியைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். வாசலில் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்பீர்கள். "காய்ச்சல் இருக்கா? இருமல் இருக்கா?" எல்லாரும் இல்லை என்பார்கள். நீங்கள் கோடு போட்டுக்கொள்வீர்கள். எங்கள் சனங்கள் பொய் சொல்லும் சனங்கள் இல்லை. ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லை என்றால் சம்பளம் இல்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பிள்ளையிடம் மோட்டார் சைக்கிளைக் கேட்டு வாங்கி, ராத்திரியெல்லாம் வலித்த பல்லோடு உங்கள் முன்னால் வந்து நிற்கிறார் ஒருவர். நேற்றுச் சாயங்காலம் உடம்பு கொஞ்சம் கொதித்தது என்று உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? திருப்பி அனுப்பிவிடுவீர்கள். சம்பளமும் போய், பல்லும் வலித்து, வந்த எண்ணெய்ச் செலவும் வீண். அவர் இல்லை என்றுதான் சொல்வார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதையே சொல்வேன்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். முதலில் வாக்குறுதி, அப்புறம் கேள்வி. "ஐயா, காய்ச்சல் இருந்தாலும் உங்களை அப்படியே அனுப்ப மாட்டோம். வலிக்கு மருந்து தருவோம். வர்ற வாரம் எந்த நாள் வசதியோ அந்த நாளை இப்பவே எழுதித் தர்றோம். இந்த மூணு நாளில் உடம்பு சூடு, தொண்டை வலி ஏதாவது இருந்துச்சா? வீட்டில் யாருக்காவது?" இப்படிக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் உண்மையைச் சொல்வார்கள். இது என் அனுபவக் கணக்கு. 2020-இலும் 2021-இலும் எங்கள் கிளினிக் வாசலில் நான் இப்படித்தான் கேட்டேன். சொன்ன தேதியில் அவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு தடவை ஏமாற்றினால் அந்த லைனில் இருக்கும் இருபது வீட்டுக்கும் அது தெரிந்துவிடும். அடுத்த முறை இருபது வீட்டிலும் யாருக்கும் காய்ச்சல் இருக்காது.

நம் மக்களுக்குத் தனித்திருக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியாள் உள்ளே வர மாட்டார். அம்மை கண்ட பிள்ளைக்குத் தனிப் பாய், தனித் தட்டு. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டார் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போக மாட்டார்கள். கூடல் இடைவெளி என்ற சொல் வானொலியில் வருவதற்கு முன்னாலேயே எங்கள் லைனில் அது இருந்தது. நீங்கள் கேட்பது எதற்காக என்று ஒரு வார்த்தை விளக்கினால் போதும், மீதியை அவர்களே செய்துகொள்வார்கள்.

இதே கூலிக் கணக்கு உங்களிடமும் இருக்கிறது. விரிவுரையாளர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி பல் மருத்துவம் படித்தாள். 2021-இல் அவளுக்கு இறுதியாண்டு. நடமாட்டக் கட்டுப்பாட்டில் கிளினிக் மாதக்கணக்கில் மூடிக் கிடந்து, திறந்தபோது முடிக்க வேண்டிய ரிக்குவயர்மெண்ட் மலை போல் நின்றது. இத்தனை பல் அடைப்பு, இத்தனை வேர் சிகிச்சை, இத்தனை பல் செட் முடித்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். அவளுடைய நோயாளி தைப்பிங்கிலிருந்து வர வேண்டும். வேர் சிகிச்சையின் கடைசி நாளன்று காலையில் அவளுக்குத் தொண்டை கரகரத்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு முகக்கவரி போட்டுக்கொண்டு போய் வேலையை முடித்துவிட்டு வந்தாள். மறுநாள் பரிசோதித்தால் கோவிட். நோயாளிக்கு வந்ததா என்று அவளும் கேட்கவில்லை, பயம். அதை என்னிடம் சொல்லும்போது அழுதாள். "ஆன்ட்டி, கோர்ஸ் முழுக்க நான்தான் எல்லாருக்கும் பிபிஇ, பாதுகாப்பு உடை போடச் சொல்லிக்கொடுத்தேன்" என்றாள்.

அவளுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. காய்ச்சல் என்று சொன்னால் அவளுக்கும் பேர் விழாது, அவ்வளவுதான். கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: உடம்பு முடியவில்லை என்று ஒரு மாணவர் சொன்னால் அந்த நாளுக்கான வேலையை வேறு நாளில் செய்ய வழி வையுங்கள். நோயாளியின் பயணச் செலவைக் கல்லூரியே ஏற்றுக்கொள்ளட்டும். பல மாணவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு நோயாளியைக் கூட்டிவருவது உங்களுக்கும் தெரியும்.

பயம் இன்னொரு பக்கமும் வேலை செய்கிறது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பல் கிளினிக்குகள் அவசரத்துக்கு மட்டும் என்று மாறின. வீக்கம், நிற்காத இரத்தம், அடிபட்டது, தாங்க முடியாத வலி இவற்றுக்கு மட்டும். அது சரியான முடிவுதான். தண்ணீர் தெறிக்கும் வேலைகளைத் தள்ளிவைத்தாக வேண்டிய நேரம். ஆனால் "அவசரத்துக்கு மட்டும்" என்பது தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது "மூடிட்டாங்க" என்றாகிவிட்டது. அப்புறம் பத்து கிலோமீட்டர் கட்டுப்பாடு, சாலைத் தடுப்பில் போலீஸ். டவுனிலிருந்து பதினான்கு கிலோமீட்டரில் இருந்த ஓர் அண்ணன், கடைவாய்ப் பல் வலியோடு ஆறு நாள் கிராம்பை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். மருத்துவத்துக்குப் போகலாம், தடுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஏழாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தாடைக்குக் கீழே கழுத்து வரை கல் மாதிரி வீங்கியிருந்தது. நாக்கு மேலே தள்ளியிருந்தது. பேச்சு குழறியது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வழியவிட்டுக்கொண்டிருந்தார். அந்த வீக்கம் மூச்சுக் குழாயை அடைத்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டார், கழுத்தில் தழும்போடு.

அடுத்த தொற்று வந்து கிளினிக் மூடும்போது, எதற்கு வர வேண்டாம் என்பதோடு எதற்குக் கட்டாயம் வர வேண்டும் என்பதையும் தமிழில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போடுங்கள். எழுத்தை வாசிக்காத பாட்டியும் குரலைக் கேட்பார். மாணவர்களால் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய காரியம் இது.

ரப்பர் டேம் பற்றியும் ஒரு விஷயம். பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் தாளைக் கட்டிவிட்டால் எச்சில் கலந்த துளி தெறிப்பது வெகுவாகக் குறையும். 1864-இல் நியூயார்க் பல் மருத்துவர் சான்ஃபர்ட் பார்னம் தொடங்கிவைத்த பழைய வழி. அன்றைக்கு மலாயாவில் ஒரு பால்மரம்கூடக் கிடையாது. எங்கள் அடுத்த ஊரான கோலகங்சாரில் 1877-இல்தான் கன்று நட்டார்கள். அந்த ரப்பரைச் சீவிய கைகளுக்குச் சொந்தக்காரர்கள் இன்று உங்கள் நாற்காலியில் அமர்கிறார்கள். ஆனால் ரப்பர் டேமைப் பார்த்ததும் பயப்படுகிறார்கள், வாயை மூடிக் கட்டுகிறார்கள் என்று. மாணவர்களும் நோயாளி வேண்டாம் என்கிறார் என்று எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஒரு தடவை ஒரு தாத்தாவுக்கு நான் விளக்க முயன்று தடுமாறினேன். அவரே கையமர்த்திவிட்டு, "புரியுது புரியுது, பால் வடியுற மங்குல மழைத்தண்ணி விழாம மரத்தைச் சுத்தித் தாள் கட்டுவோமே, அந்த மாதிரி. கட்டு, கட்டு" என்றார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் நான் அவர் சொன்னதையே சொன்னேன். ஒருவரும் வேண்டாம் என்றதில்லை.

மற்றவை உங்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். என்95 போட்டதும் இரண்டு கையாலும் பொத்தி ஊதிப் பாருங்கள்; ஓரத்தில் காற்று கசிந்தால் அது என்95 இல்லை. தைப்பூசத்துக்கு விரதத் தாடி வளர்த்திருக்கும் தம்பிகளுக்கு அது முகத்தில் ஒட்டாது. அந்த நாட்களில் ஸ்கேலிங்கை நண்பரிடம் கொடுத்துவிட்டு வாசல் மேசையில் உட்காருங்கள், தாடியை எடுக்கச் சொல்லவில்லை. கழற்றும்போதுதான் அதிகம் தவறு நடக்கிறது: கையுறை முதலில், முகக்கவரி கடைசியில், நடுவில் கை சுத்தம். நாட்கணக்கில் ஓடாத மெஷினில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக ஓடவிடுங்கள். ஹெப்படைட்டிஸ் பி ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று உங்கள் அம்மா மாதிரி ஒரு தடவை கேட்டுவைக்கிறேன்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தொழில். முகாமில் தனியாக வேலை செய்யாதீர்கள். எச்சிலை இழுக்கும் சின்னக் குழாயை நோயாளியின் வாயோரம் மாட்டிவிட்டு ஸ்கேலிங் செய்வது போதாது. அது வாயில் தேங்குவதைத்தான் இழுக்கும். எழும் புகையை இழுப்பது பெரிய சக்ஷன். அதைப் பல்லுக்கு வெகு அருகில், ஸ்கேலர் நகர நகரக் கூடவே நகர்த்திப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். 38 ஆண்டுகள் என் வலது மணிக்கட்டு அதைத்தான் செய்தது. இருபது பேர் வருகிறீர்கள் என்றால் பத்து நாற்காலி போடாதீர்கள். ஆறு போடுங்கள், ஆறிலும் இரண்டிரண்டு பேர் நில்லுங்கள். மீதி எட்டுப் பேரில் இருவர் வாசல் மேசைக்கு, இருவர் கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வைக்க, மற்றவர்கள் மாறிக்கொள்ள. பெரிய சக்ஷன் கொண்டுவர முடியாத முகாமில் ஸ்கேலிங்கே வேண்டாம். பல்லைப் பாருங்கள், வாய்ப் புண்ணைப் பாருங்கள், எழுதிக் கொடுங்கள். அதற்கே எங்கள் மக்கள் வாழ்த்துவார்கள். அறிக்கையில் எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

அடுத்த முகாமும் அதே மண்டபத்தில்தான் என்று கோயில் தலைவர் சொன்னார். அவரிடம் பேசிவிட்டேன். காத்திருப்பவர்களுக்கு உள்ளே நாற்காலி கிடையாது. வெளியே கொட்டகை போட்டுத் தருவார்கள். கிழக்குப் பக்கச் சன்னல் நான்கும் துருப்பிடித்து மூடியே கிடந்தன. போன ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் எண்ணெய் விட்டுத் திறந்துவிட்டார்கள். காற்றாடிகளைச் சன்னலைப் பார்த்து வைக்க, தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறோம். முகக்கவரி இரண்டு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். வாசல் மேசையில் நானும் உட்காருகிறேன். உங்களில் தமிழ் பேசத் தயங்குகிறவர் யாரோ அவரை என் பக்கத்தில் உட்கார வையுங்கள். மண்டபத்தில் மூன்று பிளக் பாயிண்ட்தான் நல்ல நிலையில் இருக்கின்றன. எத்தனை சக்ஷன் கொண்டுவருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொன்னால் வயரிங் தம்பியை வரச் சொல்லலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பல் மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.